ஏலமலையும் ரோமானியரின் அன்றாட வாழ்வும்: சான்றுகள் எதுவரை பேசுகின்றன?

1. கேள்வி

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது சிலமலை. இந்தப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து தொழிலாளர்கள் காலையிலேயே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். அங்கே எடுத்த காய் ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலர்ந்து, போடியிலும் புத்தடியிலும் நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னணு விற்பனைக்கு வருகிறது. இந்த வணிகத்தோடு ஒரு பழம்பெருமையும் சேர்ந்தே பேசப்படுகிறது. பழங்காலக் கிரேக்கரும் ரோமானியரும் ஏலமலை எனப்படும் இம்மலைப்பகுதியின் ஏலக்காயை விரும்பி வாங்கினார்கள் என்பது அது. ஏலக்காய் பற்றிய அறிமுக நூல்களிலும் வணிக வெளியீடுகளிலும் இக்கூற்று பெரும்பாலும் சான்று ஏதும் காட்டாமலே இடம்பெறுகிறது.

அந்தக் கூற்றை இக்கட்டுரை சோதிக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதிவரை, ரோமானியரின் அடுக்களையிலும் மருத்துவத்திலும் வழிபாட்டிலும் இந்த மலைத்தொடரின் விளைபொருள்களுக்கு இருந்த இடம் எது? மிளகுக்கும் ஏலத்துக்கும் நம்மிடம் உள்ள சான்றுகள் ஒரே எடை கொண்டவை அல்ல. மிளகு ரோமானியரின் அன்றாட வாழ்வுக்குள் புகுந்ததை எழுத்தும் அகழாய்வும் சேர்ந்தே நிறுவுகின்றன. ஏலத்தைப் பொறுத்தவரை எழுத்துச் சான்று குழப்பமானது. அகழாய்வோ எதிர்த்திசையில் நிற்கிறது. அடிவாரத்துக்கு இந்த வணிகத்தில் என்ன பங்கு என்பது மூன்றாவது கேள்வி. அதைத் தனியாகவே பார்க்க வேண்டும்.

2. இதுவரையான புரிதல்

இந்திய-ரோமானிய வணிகம் பற்றிய நவீன ஆய்வில் முதல் பெரிய தொகுப்பு 1928இல் வெளிவந்த வார்மிங்டனின் நூல். கிரேக்க, லத்தீன் ஆசிரியர்கள் சொன்னதையெல்லாம் அது ஒழுங்குபடுத்தித் தந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது, அந்த எழுத்துச் சான்றுகளுக்கு மண்ணிலிருந்து துணை கிடைத்ததாகக் கருதப்பட்டது. இந்த இரு முயற்சிகளிலும் பார்வை மேற்கிலிருந்து கிழக்கு நோக்கியது: ரோம் வாங்கியது, இந்தியா விற்றது, துறைமுகங்கள் ரோமானியரால் உயிர்பெற்றன. விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டில் மீண்டும் நடத்திய அகழாய்வு, ரோமானியப் பொருள்கள் வருமுன்பே அங்கு ஊர் இருந்ததைக் காட்டி அந்தப் பார்வையைத் திருத்தியது.

நறுமணப் பொருள்களை மட்டும் எடுத்து ஆராய்ந்தது இன்னஸ் மில்லரின் 1969ஆம் ஆண்டு நூல். பண்டைய ஆசிரியர்கள் குறிப்பிடும் ஒவ்வொரு பொருளுக்கும் இன்றைய தாவரம் ஒன்றை அது பொருத்தியது. ஏலம் பற்றிய இன்றைய பொதுநம்பிக்கைக்கு இத்தகைய பொருத்தங்களே அடித்தளம். பின்னர் 1985இல் வியன்னாவில் உள்ள பாப்பிரஸ் ஒன்று பதிப்பிக்கப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில், கேரளக் கடற்கரையில் இருந்த முசிறித் துறைமுகத்துக்கான பயணம் தொடர்பான கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் ஹெர்மபோலன் என்னும் கப்பலின் சரக்கு மதிப்பீடு. வணிகத்தின் அளவைப் பற்றிய ஊகங்கள் அதன்பின் கணக்குகளாக மாறின. அந்தப் பாப்பிரசையும் மிளகு வணிகத்தையும் பற்றி ஃபெடெரிகோ தெ ரொமானிஸ் 2020இல் எழுதிய நூல் இத்துறையில் விரிவான ஆய்வு. மாறாக, ராஜன் குருக்கள் 2016இல் வெளியிட்ட நூல், தமிழகத்தில் அக்காலச் சமூக அமைப்பு கடல்வணிகத்தைத் தானே நடத்தும் நிலையில் இல்லை என்றும், நடந்ததைச் சமநிலை வணிகமாக எண்ணக்கூடாது என்றும் வாதிட்டது.

இந்த விவாதங்களில் பேசப்பட்டவை துறைமுகங்கள், கப்பல்கள், நாணயங்கள். சரக்கு விளைந்த மலையும் அது போய்ச்சேர்ந்த அடுக்களையும் ஓரத்திலேயே நின்றுவிட்டன.

3. மிளகு: ஆடம்பரமா, அன்றாடமா?

மிளகை ஆடம்பரப் பொருளாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுவதாக ஓரிடத்தில் புலம்புகிறார். இந்தியா, சீனம், அரேபியா மூன்றும் சேர்ந்து பத்துக் கோடி கொண்டுபோவதாக வேறோரிடத்தில் சொல்கிறார். இந்தப் புலம்பலே பாடநூல்களில் மிளகின் விலைக்குச் சான்றாக நிற்கிறது. ஆனால் அதே பிளினி தரும் விலைப்பட்டியல் வேறு கதை சொல்கிறது. ஒரு ரோமானிய பவுண்டு, அதாவது ஏறத்தாழ 325 கிராம், கருமிளகின் விலை 4 தெனாரியஸ், வெண்மிளகு 7, திப்பிலி 15. அக்காலப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். ஆக, ஒரு பவுண்டு கருமிளகு ஏறத்தாழ ஒரு வாரச் சம்பளம். ஒரு பவுண்டு மிளகு ஒரு குடும்பத்துக்குப் பல மாதம் வரும் என்பதை நினைவில் வைத்தால், எளியவர்களுக்கும் இது எட்டாத பொருள் அல்ல.

இதை அகழாய்வு உறுதிப்படுத்துகிறது. ஜெர்மனியில் ஓபராடன் என்னுமிடத்தில் கி.மு. 11ஆம் ஆண்டு அமைத்துச் சில ஆண்டுகளிலேயே கைவிட்ட ரோமானியப் பாசறையின் கழிவறைக் குழியில் மிளகுமணிகள் கிடைத்தன. பிரிட்டனின் வடஎல்லையில் விண்டோலண்டா கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கணக்கொன்றில், கம்பாக்ஸ் என்னும் வீரன் 2 தெனாரியசுக்கு மிளகு வாங்கியது பதிவாகியுள்ளது. பேரரசின் கடைக்கோடியில், அலுவலர் அல்லாத ஒருவன், சொந்தச் செலவில் வாங்குகிறான். அப்பிசியஸ் பெயரில் வழங்கும் சமையல் நூலில் பெரும்பாலான செய்முறைகளில் மிளகு உண்டு, இனிப்புகளில்கூட. கவிஞர் மார்ஷியலோ, நண்பர் அனுப்பிய காட்டுப்பன்றியைச் சமைத்தால் சமையற்காரன் மலைபோல் மிளகைக் கொட்டிவிடுவான், அந்தச் செலவு தாங்காது என்று நகைக்கிறார். அங்காடியில் கிடைப்பது, எல்லோரும் சேர்ப்பது, அளவு மிகுந்தால் செலவு கடிக்கும் என்பதெல்லாம் அந்த நகைச்சுவைக்குப் பின்னால் இருக்கும் உண்மைகள்.

அரசு இதை எப்படிப் பார்த்தது என்பதற்கு இரு சான்றுகள். பேரரசர் டொமிஷியன் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோம் நகரின் நடுவே, புனித வீதியை ஒட்டி, மிளகுக்கென்றே கிடங்குகள் கட்டினார். மற்றொன்று, எகிப்தின் வழியே வரும் கீழைநாட்டுச் சரக்குகளில் சுங்கம் செலுத்த வேண்டியவற்றின் பட்டியல். மார்க்கஸ் ஆரேலியஸ், கொமோதஸ் இருவரும் சேர்ந்து ஆண்ட காலத்தது; ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பில் பிழைத்திருக்கிறது. திப்பிலி, வெண்மிளகு, இஞ்சி, இந்தியச் சிங்கங்கள் எல்லாம் அதில் உண்டு. கருமிளகு மட்டும் இல்லை. எளிய மக்களும் பயன்படுத்தும் பொருள் என்பதால் விலக்களிக்கப்பட்டது என்போர் உண்டு. அதற்குத் தனி ஏற்பாடு இருந்தது என்போரும் உண்டு. எப்படிக் கொண்டாலும், கருமிளகு மற்ற நறுமணப் பொருள்களோடு ஒரே தட்டில் வைக்கப்படவில்லை.

ஹெர்மபோலன் கப்பலின் சரக்கு மதிப்பு ஏறத்தாழ எழுபது இலட்சம் செஸ்டர்ஸ். பாப்பிரசில் பெயர் தெளிவாக எஞ்சியிருப்பவை கங்கைப்பகுதிச் சடாமாஞ்சில், யானைத் தந்தம் போன்றவை. சிதைந்துபோன பகுதியில் பெரும்பங்கு மிளகே என்பது தெ ரொமானிஸின் கணிப்பு. கணிப்பு என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் யவனர் கலங்கள் முசிறியில் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றியதைச் சொல்லும் அகநானூற்று 149ஆம் பாடலும், அதே முசிறியில் மிளகு மூட்டைகளைக் காட்டும் புறநானூற்று 343ஆம் பாடலும் அக்கணிப்போடு பொருந்துகின்றன. விற்றவரும் வாங்கியவரும் தனித்தனியே ஒரே பொருளைச் சுட்டுவது பண்டைய வரலாற்றில் அபூர்வம்.

4. வழிபாட்டில் மிளகு

ரோமானிய வழிபாட்டில் நறும்புகைக்கு உரிய பொருள் அரேபியச் சாம்பிராணி. கி.பி. 65இல் இறந்த மனைவி பொப்பேயாவின் ஈமச்சடங்கில், அரேபியாவின் ஓராண்டு விளைச்சலுக்கும் மேலான நறுமணப் பொருளை நீரோ எரித்ததாகப் பிளினி குற்றம்சாட்டுகிறார். இந்த மரபில் மிளகுக்கு இடமில்லை என்றே நீண்டகாலம் எண்ணப்பட்டது.

செங்கடல் துறைமுகமான பெரெனிகே அந்த எண்ணத்தை மாற்றியது. ஸ்டீவன் சைட்பாதம், வில்லிக்கே வெண்ட்ரிக் ஆகியோர் தலைமையில் நடந்த அகழாய்வில், செராபிஸ் கோயில் முற்றத்தில் தரையில் பதித்த பெரிய சாடி ஒன்று 1999இல் வெளிப்பட்டது. சாடி இந்தியாவில் செய்தது. உள்ளே ஏழரைக் கிலோ கருமிளகு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அடுக்கு அது. அந்நகரின் வழிபாட்டிடங்களை ஒட்டிக் கருகிய மிளகுமணிகளும் கிடைத்திருக்கின்றன.

இதற்கு இருவிதமாக விளக்கம் சொல்லலாம். கோயில் முற்றம் பாதுகாப்பான இடம். ஆகவே சாடி வணிகனின் இருப்பு மட்டுமே என்பது ஒன்று. கடல் கடந்து நலமாகத் திரும்பியவர்கள் தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கை, சடங்குத் தீயில் இடுவதற்காக வைத்தது என்பது மற்றொன்று. சாடியை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. கருகிய மணிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது இரண்டாவது விளக்கம் வலுப்பெறுகிறது. உணவு சமைக்கையில் தற்செயலாகக் கருகுவது வீடுகளிலும் குப்பைமேடுகளிலும் எதிர்பார்க்கக்கூடியது. வழிபாட்டிடங்களை ஒட்டி அது காணப்படுவதற்குக் காரணம் வேண்டும். ஆயினும் இது பெரெனிகேயின் வழக்கம்தான். மிளகு முதலில் கரையிறங்கிய துறைமுகத்தில் நடந்ததை ரோம் நகரக் கோயில்களுக்கு நீட்டிச் சொல்ல ஆதாரமில்லை.

எதிர்க்கரையிலும் இதே சிக்கல் உண்டு. பாயிட்டிங்கர் வரைபடம் எனப்படும் ரோமானிய வழிவரைபடத்தின் இடைக்காலப் படியில், முசிறிக்கு அருகே அகஸ்டஸ் கோயில் என்ற குறிப்போடு ஒரு கட்டடம் வரையப்பட்டுள்ளது. முசிறியில் தங்கிய யவன வணிகர் தம் பேரரசரை வழிபட்ட கோயில் என்று பலர் ஏற்கின்றனர். பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதிய படி என்பதால் ஐயுறுவோரும் உள்ளனர். முசிறியாகப் பலர் கருதும் பட்டணத்தில் நடந்த அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளும் பிற பொருள்களும் ஏராளமாகக் கிடைத்தும், அத்தகைய கோயில் கட்டடம் கிடைக்கவில்லை. அயலார் சிலர் தங்கியிருக்க வாய்ப்பு மிகுதி. அவர்கள் கோயில் கட்டினார்கள் என்பதற்கு வரைபடம் ஒன்றே ஆதாரம்.

5. ஏலம்: சாதகமும் பாதகமும்

கிரேக்க, லத்தீன் நூல்களில் கார்தமோமம் என்ற பொருள் வருவதில் ஐயமில்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய தியோஃப்ராஸ்டஸ், அது மீடியாவிலிருந்து வருவதாகச் சிலரும் இந்தியாவிலிருந்து வருவதாகச் சிலரும் சொல்கின்றனர் என்கிறார். முன்சொன்ன சுங்கப் பட்டியலிலும் அது உண்டு. நஞ்சுமுறிவுக்காக ரோமானிய மருத்துவர்கள் பல சரக்குகளைக் கூட்டிச் செய்த தெரியாக் என்னும் இலேகியத்திலும் உண்டு. அது இந்த மலையின் ஏலக்காய்தானா என்பதே கேள்வி.

சாதகமான சான்று பண்பு விவரணை. பிளினி நான்கு தரங்களைச் சொல்கிறார். முதல் தரம் நல்ல பச்சை, எண்ணெய்ப் பசை, கூரிய கோணங்கள், எளிதில் நொறுங்காத உறுதி. இதைப் படிக்கும் போடி வியாபாரி எவரும் முதல் தரக் காயை அடையாளம் கண்டுகொள்வார். உடைக்கக் கடினமானதும் நன்கு மூடியிருப்பதுமான காயைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் மருத்துவர் டயஸ்கொரிடிஸின் அறிவுரையும் இதே திசையில் செல்கிறது.

பாதகமான சான்றுகள் நான்கு. முதலாவது, பிறப்பிடம். பிளினி அரேபியாவையும் மீடியாவையும் சொல்கிறார். டயஸ்கொரிடிஸ் கொமகேனே, ஆர்மீனியா, பொஸ்பரஸ் ஆகியவற்றை முன்வைத்து, இந்தியாவையும் அரேபியாவையும் பிறகு சேர்க்கிறார். பொருள் வந்த சந்தையையே பிறப்பிடமாக எழுதிவிட்டார்கள் எனலாம். பழைய நூல்களில் அது நடப்பதுதான். ஆனால் அதே பிளினி மிளகு எங்கிருந்து, எந்தத் துறைக்கு, எந்த வகைப் படகில் வருகிறது என்பதுவரை அறிந்தவர்.

இரண்டாவது, மௌனம். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் எகிப்தியக் கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய செங்கடல் பெரிப்ளூஸ், மேற்குக் கடற்கரைத் துறைகளான முசிறியிலும் நெல்கிந்தாவிலும் ஏற்றும் சரக்குகளை வரிசைப்படுத்துகிறது: மிளகு, முத்து, தந்தம், பட்டு, சடாமாஞ்சில், தாளிசபத்திரி, மணிக்கற்கள், ஆமையோடு. ஏலம் இல்லை. வணிகனுக்கு வழிகாட்டியாக எழுதப்பட்ட நூலில், விலைபோகும் சரக்கு ஒன்று விடுபட்டிருக்க வாய்ப்புக் குறைவு.

மூன்றாவது, விலை. பிளினியின் கணக்கில் முதல் தரக் கார்தமோமம் பவுண்டு 3 தெனாரியஸ், கருமிளகைவிட மலிவு. ஏலம் உயரமான ஈரக்காட்டில் நிழலில் விளைவது. ஒரே சரத்தில் காய்கள் ஒன்றாகப் பழுப்பதில்லை. பலமுறை பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். உலர்ந்தால் எடை வெகுவாகக் குறையும். இன்றும் அது மிளகைவிடப் பன்மடங்கு விலை பெறுவது இதனால்தான். அதே மலையிலிருந்து, அதே கடல்வழியில், 25 விழுக்காடு சுங்கமும் செலுத்திப் போன ஏலம் மிளகைவிட மலிவாக விற்றிருக்குமா? கையெழுத்துப் படிகளில் எண்கள் சிதைவதுண்டு என்பதால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. ஆனால் பிளினியின் சரக்கு மேற்காசியாவின் வேறொரு விதையாக இருந்திருக்கக்கூடும் என்ற ஐயத்துக்கு இது இடம் தருகிறது.

நான்காவது, தாவர எச்சம். செங்கடலின் மற்றொரு துறைமுகமான மியோஸ் ஹார்மோஸ், இன்றைய குசேர் அல் காதிம், ரோமானியக் காலத்திலும் பின்னர் இஸ்லாமியக் காலத்திலும் இயங்கியது. வறண்ட மண் என்பதால் விதைகள் கெடாமல் கிடைக்கின்றன. அங்கு மரைக்கே வான் டெர் வேன் ஆராய்ந்தவற்றில், ரோமானிய அடுக்குகளில் மிளகு உண்டு. ஏலம் தோன்றுவதோ இஸ்லாமியக் கால அடுக்குகளில்தான். ஒரே இடம், ஒரே மண், ஒரே ஆய்வுமுறை என்பதால் இந்த வேறுபாட்டுக்கு எடை அதிகம்.

நான்கையும் சேர்த்து எடைபோட்டால் இவ்வளவே சொல்ல முடியும்: கார்தமோமம் என்ற தலைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் விற்பனையில் இருந்திருக்கலாம். அவற்றுள் தென்னிந்திய ஏலமும் சிறிய அளவில், பாரசீக அரேபிய இடைத்தரகர் வழியாக, கலந்திருக்கலாம். மிளகுக் கப்பல்களில் பெருஞ்சரக்காகப் போனது என்பதற்கு ஆதாரமில்லை. போயிருந்தாலும் அது மருந்துக் கலவைக்கும் வாசனைத் தைலத்துக்கும் போனது. அன்றாடச் சமையலுக்கு அல்ல. தென்னிந்தியாவிலிருந்துதான் போனது என்று நிறுவினாலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுந்தொலைவுக்கு ஏலம் காட்டில் தானே விளையும் என்பதால், இந்த ஒரு மலைப்பகுதிக்கு அதை உரித்தாக்க முடியாது.

6. மலையின் இரு பக்கங்கள்

நெல்கிந்தா பாண்டிய அரசைச் சேர்ந்தது என்று பெரிப்ளூஸ் சொல்கிறது. அந்த அரசன் துறையிலிருந்து வெகுதொலைவில், உள்நாட்டு நகரான மதுரையில் வாழ்கிறான் என்றும், மிளகு ஒற்றை மரத்தில் குடைந்த தோணிகளில் துறைக்கு வருகிறது என்றும் பிளினி எழுதுகிறார். மதுரையில் இருந்தவன் மேற்குக் கடற்கரைத் துறை ஒன்றை ஆண்டான் என்றால், நடுவே இருப்பது இந்த மலை. போடி, கம்பம் பள்ளத்தாக்குகளின் கணவாய்கள் அந்த ஆட்சிக்குப் பயன்பட்டன என்று கருதுவது இயல்பு.

ஆனால் மிளகு இவ்வழியே வந்ததா என்பது வேறு கேள்வி. மிளகு செறிந்து விளையும் ஈரச்சரிவுகள் மேற்கு நோக்கியவை. பெரியாறும் பம்பையும் அவ்வழியே கடலுக்கு இறங்குகின்றன. பிளினி சொல்லும் தோணிகள் ஆற்றோடு இறங்கும் சரக்குக்கு உரியவை. கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதி. அடிவாரத்திலிருந்து பல நூறு மீட்டர் செங்குத்தாக ஏற வேண்டும். மேற்கே கலம் காத்திருக்கையில் மிளகைக் கிழக்கே சுமந்து இறக்க வணிகனுக்குக் காரணமில்லை. ரோமானியக் காசுப் புதையல்களின் பரவலும் இதையே காட்டுகிறது. அவை செறிந்து கிடைப்பது வெள்ளலூர் போன்ற ஊர்கள் அடங்கிய கொங்குப் பகுதியில், பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பெருவழியில்.

கிழக்கு அடிவாரம் வெறுமையாக இருந்தது என்று இதற்குப் பொருளல்ல. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமி நடுகற்கள், ரோமானியக் கப்பல்கள் பெருகுவதற்கு முன்பே வைகைக் கரையில் எழுத்தறிவு இருந்ததைக் காட்டுகின்றன. அவற்றுள் ஒன்று கூடலூரில் ஆநிரை கவர்வதற்காக நடந்த ஆகோள் பூசலில் இறந்தவனுக்கு எடுக்கப்பட்டது. போடிநாயக்கனூரில் கிடைத்த முத்திரை வெள்ளிக்காசுப் புதையலும் இப்பகுதி பாண்டியரின் காசுப் புழக்கத்துக்குள் இருந்ததற்குச் சான்று. ஆநிரை, காசு, எழுத்து ஆகிய மூன்றும் காட்டுவது மதுரையைச் சார்ந்த ஓர் உள்நாட்டுப் பொருளாதாரம். கணவாய்களில் அரச அதிகாரமும் ஆட்களும் உள்ளூர்ப் பண்டங்களும் நடந்திருக்கலாம். கடல்வணிகத்தின் முதன்மைச் சரக்கு இவ்வழி நடந்ததற்கு இதுவரை அடையாளமில்லை.

இன்றைய நிலவரம் இதற்கு நேர்மாறாக இருப்பதற்குக் காரணம் அண்மைக் காலத்தது. திருவிதாங்கூர் அரசு ஏலத்தைத் தன் தனியுரிமையாக வைத்திருந்ததும், பின்னர் தோட்டப் பயிராக அது விரிந்ததும், சமவெளித் தொழிலாளர்கள் மலையேறியதும், 1928இல் மதுரை-போடி ரயில்பாதை திறந்ததும் சேர்ந்தே போடியை ஏலச் சந்தையாக்கின. இந்தச் சந்தையை ஈராயிரம் ஆண்டுகள் பின்னோக்கி நகர்த்துவதுதான் பழம்பெருமைக் கூற்றின் அடிப்படைப் பிழை.

7. முடிவு

மேலே கண்டவற்றை மூன்று நிலைகளாகப் பிரிக்கலாம். நிறுவப்பட்டது: இந்த மலைத்தொடரின் மேற்குச் சரிவு மிளகு, ரோமானியப் பேரரசின் எல்லைப்புறப் படைவீரன் வரை சென்றது, பெரெனிகேயின் கோயில் முற்றத்திலும் இடம்பெற்றது. வாய்ப்புள்ளது: மதுரைப் பாண்டியர் மேற்குக் கடற்கரைத் துறையை ஆளக் கிழக்கு அடிவாரத்துக் கணவாய்கள் பயன்பட்டன. நிறுவப்படாதது: ஏலமலையின் ஏலக்காய் ரோமுக்குப் பெருஞ்சரக்காகச் சென்றது.

இம்முடிவை மாற்றக்கூடிய சான்றுகள் எவை என்பதையும் சொல்லிவிடலாம். செங்கடல் துறைமுகம் ஒன்றின் ரோமானிய அடுக்கில் உறுதியாக இனங்காணப்பட்ட ஏலவிதை கிடைத்தால், ஐந்தாம் பகுதியின் வாதத்தைத் திருத்தியாக வேண்டும். போடிமெட்டு, கம்பம்மெட்டு வழிகளில் முறையான மேற்பரப்பாய்வு நடந்து, மத்தியதரைக்கடல் மட்கலச் சில்லுகள் கிடைத்தால், ஆறாம் பகுதி திருத்தத்துக்கு உள்ளாகும். தேனி மாவட்டத்தில் நடுகற்களைத் தேடிக் கண்ட அதே உழைப்பு இந்தக் கணவாய்களுக்கும் தேவை. அதுவரை, உள்ளூர் வரலாற்றில் ரோமைப் பற்றி எழுதுவோர் மிளகை முன்வைப்பதும், ஏலத்தின் வரலாற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்டங்களிலும் அங்கு உழைத்தவர்களிலும் தொடங்குவதும் சான்றுக்கு இணங்கியதாக இருக்கும்.